மஞ்சள் கிடங்கும் மாலாக்கும்

மாசி, பங்குனி மாதங்களில் ஈரோட்டுப் பக்கம் ஏதேனும் ஒரு மஞ்சள் கிடங்கிற்குள் சென்று பார்த்திருக்கிறீர்களா? வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒருவர் பத்து மூட்டை கொண்டு வருவார். இன்னொருவர் எழுபது கொண்டு வருவார். ஒவ்வொருவருடைய சரக்கும் தனித்தனி அட்டியாக அடுக்கப்படும். எந்த இடத்தில் எந்த அட்டி என்று சீட்டு எழுதித் தரப்படும். விலை ஏறட்டும் என்று சிலர் மாதக் கணக்கில் வைத்திருப்பார்கள். கைச்செலவுக்குப் பணம் வேண்டியவர்கள் அடுத்த வாரமே எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் வெற்றிடம் விழும்.

இப்படியே சில காலம் சென்றால் என்ன ஆகும்? கிடங்கில் மொத்தம் நூறு மூட்டைக்கு இடம் இருக்கும். ஆனால் அது இங்கே பத்து, அங்கே பதினைந்து என்று சிதறிக் கிடக்கும். நாற்பது மூட்டையுடன் ஒரு வண்டி வந்து நின்றால் இடமில்லை என்று கைவிரிக்க வேண்டியதுதான். கிடங்குக்காரர் ஆட்களை வைத்து அட்டிகளை நகர்த்தி இடத்தை ஒன்றுசேர்க்கலாம். ஒருமுறை வைத்த அட்டியை நகர்த்தவே கூடாது என்று ஒரு விதி இருந்தால் அவர் என்ன செய்வார்?

கணிப்பொறியின் நினைவகத்தில் அப்படி ஒரு விதி உண்டு. நினைவகம் என்பது எண்ணிட்ட அறைகளின் நீண்ட வரிசை. ஓர் அறை ஒரு பைட்; அறையின் எண்ணே அதன் முகவரி. சி மொழியில் நிரல் எழுதுபவர் இடம் வேண்டும்போது மாலாக் என்னும் செயற்கூறிடம் ‘800 பைட் கொடு’ என்று கேட்கிறார். அது தொடர்ச்சியான 800 காலி அறைகளைத் தேடிப் பிடித்து, முதல் அறையின் முகவரியைத் தருகிறது. வேலை முடிந்ததும் அதே முகவரியை ஃப்ரீ என்னும் செயற்கூறிடம் கொடுத்து இடத்தைத் திருப்பிவிட வேண்டும். ஒப்பந்தம் இவ்வளவுதான்.

ஆனால் அதற்குள் மூன்று நெருக்கடிகள் ஒளிந்துள்ளன. கொடுத்த இடத்தை மாலாக் பிறகு நகர்த்த முடியாது. அந்த முகவரியை நிரல் எங்கெங்கே குறித்து வைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இடத்தை எப்போது திருப்பித் தருவீர்கள் என்று அது கேட்பதில்லை. திருப்பித் தரும்போது எத்தனை பைட் என்று நிரல் சொல்வதுமில்லை. மாலாக்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். இந்த நெருக்கடிகளுக்குள் நின்று இடத்தைப் பங்கிடுவது எப்படி என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் முயன்று வந்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற இயற்பியல்காரர்கள் எளிதில் வழுக்கி விழக்கூடிய இடம் ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு. அங்கே பிறகு வருவோம்.

பங்கீடே இல்லாத காலம்

தொடக்கத்தில் இந்தச் சிக்கல் எழவில்லை. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு கட்டிய கணிப்பொறி 1960-இல் இயங்கத் தொடங்கியது. 1962-இல் அது டிஃப்ராக் என்று பெயர் பெற்றது. அதன் நினைவகத்தில் 2048 சொற்கள். ஒரு சொல்லுக்கு 40 பிட். மொத்தம் 81,920 பிட், அதாவது இன்றைய கணக்கில் 10 கிலோபைட். ஒவ்வொரு பிட்டுக்கும் ஃபெரைட் என்னும் காந்தப்பொருளால் ஆன ஒரு குட்டி வளையம். வளையங்களின் ஊடே நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய கம்பிகள் ஓடும். பாவும் ஊடையும் போல என்று சொன்னால் நம் பகுதி வாசகர்களுக்கு உடனே விளங்கிவிடும். இந்த வளையங்களுக்கு ஆங்கிலத்தில் ‘கோர்’ என்று பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தது. அங்கே கணிப்பொறிப் பாடத்தை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் 1933-இல் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன். 1969-இல் வெளிவந்த அவருடைய நிரலாக்க நூல் பல தலைமுறை மாணவர்களுக்கு முதற்பாடமாக இருந்தது. அவர்கள் கற்றது ஃபோர்ட்ரான் மொழி. அதில் எந்தப் பட்டியலுக்கு எத்தனை இடம் என்று நிரல் எழுதும்போதே அறிவித்துவிட வேண்டும். 100 மாணவர்களுக்கு என்று எழுதிவிட்டால் 101-ஆம் மாணவருக்கு இடமில்லை. 30 பேர் மட்டும் வந்தாலும் மீதி 70 இடம் வீண். கணக்குப் போடுவதற்கு இது போதும். ஆனால் ஒரு மொழியை இன்னொரு மொழியாக்கும் தொகுப்பி, பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் இயக்க அமைப்பு போன்றவற்றுக்கு எத்தனை இடம் வேண்டும் என்று ஓடிப் பார்க்கும்வரை தெரியாது. அங்கேதான் பங்கீடு தேவைப்பட்டது.

எல்லைக்கல்லும் பங்காளியும்

1962-இல் டொனால்டு நூத் என்னும் இளைஞர், கால்டெக்கில் ஆராய்ச்சி மாணவராக இருந்துகொண்டே பரோஸ் கணிப்பொறி நிறுவனத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். அந்நிறுவனத்தின் பி5000 பொறிக்கான கட்டுப்பாட்டு நிரலுக்காக அவர் ஓர் எளிய உத்தியைக் கண்டார். ஒவ்வொரு நிலத்துண்டின் இரு கோடியிலும் எல்லைக்கல் நடுவதுபோல, நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் இரு கோடியிலும் அதன் நீளத்தையும், அது காலியா இல்லையா என்பதையும் எழுதி வைப்பது. ஒரு துண்டு திரும்பி வரும்போது அதற்கு முன்னும் பின்னும் உள்ள கல்லைப் பார்த்தால் போதும்; பக்கத்துத் துண்டு காலியாக இருந்தால் வரப்பை வெட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம். முழுப் பட்டியலையும் தேட வேண்டியதில்லை. இதில் ஃப்ரீயின் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது: முகவரிக்குச் சற்று முன்னால் உள்ள கல்லில்தான் நீளம் எழுதியிருக்கிறதே!

இந்த எல்லைக்கல் முறை இன்றும் வாழ்கிறது. அதை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் அல்ல, பட்டுத்தான். ஒரு உலோகக் கோலில் வெப்பம் பரவுவதைக் கணக்கிட மாணவர்களுக்காக ஒரு சி நிரல் எழுதினேன். கோலை 1000 பிரிவாக வகுத்தால் புள்ளிகள் 1001; எண்கள் 0 முதல் 1000 வரை. நான் அசட்டையாக 1001 வரை ஓடவிட்டுவிட்டேன். நிரல் விடைகளைச் சரியாகவே தந்தது. எல்லாம் முடிந்து இடத்தைத் திருப்பித் தரும் கடைசி வரியில், ஃப்ரீ என்ற இடத்தில், ‘அடுத்ததன் அளவு தவறு’ என்று கூறி நின்றுபோனது. ஃப்ரீயில்தான் பிழை என்று இரண்டு நாள் அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நடந்தது என்ன? மிகுதியாக எழுதிய அந்த ஓர் எண் என் துண்டைத் தாண்டி, அடுத்த துண்டின் எல்லைக்கல்லின் மேல் விழுந்துவிட்டது. கல் அழிந்தது அப்போதே. தகராறு வெளிப்பட்டது அளந்து பார்த்தபோது! கிராமத்து வரப்புச் சண்டைகளிலும் இதுதானே வழக்கம். சி மொழியில் நிரல் எழுதும் மாணவர்கள் இப்படி ஃப்ரீயில் நிரல் நின்றால் அங்கே தேடாதீர்கள். அதற்கு முன்னால் எங்கே எல்லை தாண்டினீர்கள் என்று தேடுங்கள்.

கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறொரு வழியும் தோன்றியது. 1963-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் சிம்ஸ்கிரிப்ட் என்னும் மொழிக்காக அதைப் பயன்படுத்தினார். அதை அறியாமலே கென்னத் நோல்ட்டன் தாமாகக் கண்டு 1965-இல் வெளியிட்டார். நினைவகத்தைப் பாதி பாதியாகவே வெட்டுவது அந்த முறை. 1024 அலகு கொண்ட துண்டு 512, 512 என்று இரண்டாகும். தேவையானால் அதில் ஒன்று 256, 256 ஆகும். ஒரே துண்டிலிருந்து பிரிந்த இரு பாதிகளும் காலியானால் மட்டுமே மறுபடி சேரலாம். அடுத்த வேலிக்காரரோடு சேர முடியாது. ஆகவே இதைப் பங்காளி முறை என்று அழைக்கலாம். பங்காளி எங்கே இருக்கிறார் என்பதை முகவரியின் ஒரே ஒரு பிட்டை மாற்றிக் கண்டுபிடித்துவிடலாம் என்பது இதன் அழகு. குறை என்னவென்றால், 513 அலகு கேட்டவருக்கும் 1024 கொடுக்க வேண்டும். இந்த மார்க்கோவிட்ஸ்தான் பிற்பாடு, முதலீட்டை எப்படிப் பிரித்துப் போடுவது என்ற ஆராய்ச்சிக்காக 1990-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

1978-இல் கெர்னிகனும் ரிச்சியும் எழுதிய சி மொழி நூல் வெளிவந்தது. அதன் எட்டாம் அதிகாரத்தில் ஒரு பங்கீட்டு நிரல் முழுமையாகத் தரப்பட்டுள்ளது. காலித் துண்டுகளை முகவரி வரிசையில் ஒரு வட்டச் சங்கிலியாகக் கோத்து, கடைசியாகத் தேடலை நிறுத்திய இடத்திலிருந்து தேடி, போதுமான முதல் துண்டைக் கொடுப்பது அதன் முறை. சில பக்கங்களில் அடங்கும் இந்த நிரலை ஒருமுறையேனும் கையால் எழுதிப் பாருங்கள். சங்கிலி முழுவதும் தேடியும் இடமில்லையென்றால் இயக்க அமைப்பிடம் கூடுதல் இடம் கேட்கும் செயற்கூறு ஒன்று அதில் வருகிறது. அதன் பெயர் ‘மோர்கோர்’. ஃபெரைட் வளையங்கள் வழக்கொழிந்து சிலிக்கன் வந்த பிறகும், ‘இன்னும் கோர் கொடு’ என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது!

வாயுவைப் போல எண்ணியது

போதுமான முதல் துண்டைக் கொடுப்பதா? அல்லது எல்லாவற்றையும் பார்த்து, மிச்சம் மிகக் குறைவாக விழும் துண்டைக் கொடுப்பதா? முதலாவதை முதற்பொருத்தம் என்றும், இரண்டாவதை இறுக்கப்பொருத்தம் என்றும் கூறலாம். இரண்டாவதே சிக்கனம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அதில் மிஞ்சுபவை எதற்கும் உதவாத சிறு துணுக்குகள் அல்லவா?

நூத் 1968-இல் வெளியிட்ட தம் பெருநூலின் முதல் தொகுதியில் இதைச் சோதித்தார். கேட்கும் அளவையும், வைத்திருக்கும் காலத்தையும் சீரற்ற எண்களைக் கொண்டு தீர்மானித்துக் கணிப்பொறியில் ஓடவிட்டார். அவருடைய சோதனைகளில் முதற்பொருத்தமே மேலாகத் தெரிந்தது. அதோடு ஓர் அழகான விதியும் கிடைத்தது. அமைப்பு ஒரு சமநிலைக்கு வந்த பிறகு, வெற்றிடங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பயனில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கையில் பாதியாக இருக்கும்.

இதை நீங்களே நிறுவிவிடலாம். கிடங்கில் ஓர் அட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலப்பக்கத்தில் நடக்கக் கூடியவை இரண்டே: ஓர் அட்டி வைக்கப்படுவது, எடுக்கப்படுவது. சமநிலையில் இவ்விரண்டும் சம அளவில் நிகழும். எனவே பாதி வேளை வலப்பக்கம் அட்டி இருக்கும். பாதி வேளை வெற்றிடம் இருக்கும். அடுத்தடுத்த வெற்றிடங்கள் ஒன்றாகிவிடுவதால், ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் இடப்பக்கம் ஓர் அட்டி உண்டு. ஆக, அட்டிகள் இரண்டுக்கு வெற்றிடம் ஒன்று. (கேட்ட அளவுக்கு அச்சொட்டான வெற்றிடம் அரிதாகவே அமையும் என்பது இதில் உள்ள துணைக் கருத்து.)

முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஒவ்வொரு மூலக்கூற்றையும் பின்தொடராமலே வாயுவின் அழுத்தத்தைக் கணக்கிடுகிறோமே, அதைப் போன்றது அல்லவா இது! என்னைப் போலவே ஆராய்ச்சியாளர்கள் பலரும் இந்த வழியில் மயங்கினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள், சீரற்ற எண்களால் ஆன கற்பனை நிரல்களைக் கொண்டே பங்கீட்டு முறைகள் பெரிதும் ஒப்பிடப்பட்டன.

இதற்கிடையே கணிதவியலார் கோணத்திலிருந்து ஒரு கசப்பான முடிவு வந்தது. ஜே. எம். ராப்சன் 1971-இல், எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பங்கீட்டு முறையானாலும் அதைத் திணறடிக்கும் ஒரு கோரிக்கை வரிசை உண்டு என்று காட்டினார். எட்டு இடமுள்ள வரிசையில் எட்டு ஒற்றைத் துண்டுகளை வைத்துவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கைத் திருப்பித் தாருங்கள். பாதி இடம் காலி. ஆனால் இரண்டு அலகு கேட்டால் இல்லை. எந்த முறையாக இருந்தாலும், அது வைத்த விதத்தைப் பார்த்துப் பார்த்து எதிராளி இப்படிக் காலி செய்ய முடியும். இரண்டின் அடுக்குகளான அளவுகளை மட்டுமே கேட்டு, அவற்றில் பெரியது 1024 என்று கொண்டால், ஒரே நேரத்தில் பயனில் உள்ள இடத்தைப் போல ஏறக்குறைய 6 மடங்கு நினைவகம் தேவைப்படும் நிலை எந்த முறைக்கும் ஏற்படலாம். 1977-இல் அவரே இன்னொன்றையும் காட்டினார்: மிக மோசமான நிலையில், சிக்கனமாகத் தோன்றும் இறுக்கப்பொருத்தம் முதற்பொருத்தத்தைவிடப் பல மடங்கு வீணாக்கக்கூடும்.

இப்படிக் கோட்பாடு கைவிரித்துவிட்டதால் நிரலாளர்கள் வேகத்தையாவது பார்ப்போம் என்று இறங்கினார்கள். 1982-இல் கால்டெக்கைச் சேர்ந்த கிரிஸ் கிங்ஸ்லி எழுதிய மாலாக், பெர்க்லி யுனிக்ஸின் 4.2 பதிப்பில் இடம்பெற்றது. கேட்ட அளவை இரண்டின் அடுத்த அடுக்குக்கு உயர்த்திக் கொடுக்கும். துண்டுகளைச் சேர்ப்பது, பிரிப்பது என்ற பேச்சே இல்லை. மின்னல் வேகம். ஆனால் சரியாக 4096 பைட் கேட்டால், தலைப்புக் குறிப்புக்கான சில பைட்டும் சேர்ந்து 4096-ஐத் தாண்டிவிடும். எனவே 8192 எடுத்துக்கொள்ளும்.

கிடங்குக்காரர் அறிந்தது

இப்போது மறுபடி ஈரோட்டுக் கிடங்குக்கு வாருங்கள். மஞ்சள் சீரற்ற முறையிலா வருகிறது? அறுவடைக்குப் பிறகு எல்லாம் சேர்ந்தாற்போல் வருகிறது. விலை ஏறியவுடன் சேர்ந்தாற்போல் வெளியேறுகிறது. ஒரே வண்டியில் வந்து அடுத்தடுத்து அடுக்கப்பட்டவை பெரும்பாலும் ஒரே நாளில் எடுக்கப்படுகின்றன. அவை போனபின் விழுவது சிதறிய துளைகள் அல்ல. ஒரே பெரிய வெற்றிடம்.

நிரல்களும் இப்படித்தான். ஒரு தொகுப்பி ஒரு பகுதியைப் படிக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை ஒரே மூச்சில் வாங்கும். அந்தப் பகுதி முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விடும். சேர்ந்து பிறந்தவை சேர்ந்து மறைகின்றன. ஒரே வகைப் பொருள்கள் ஒரே அளவிலேயே மீண்டும் மீண்டும் கேட்கப்படுகின்றன. சமநிலை என்ற ஒன்றே பல நிரல்களில் வருவதில்லை. ஏற்றமும் உச்சியும் மேட்டுநிலமுமாகவே அவற்றின் நினைவகத் தேவை அமைகிறது. சுருங்கச் சொன்னால், நிரல் ஒரு வாயு அல்ல.

இதை வெளிப்படையாக எடுத்துரைத்தவர்கள் டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தின் பால் வில்சனும் அவருடைய குழுவினரும். 1995-இல் வெளியிட்ட நீண்ட ஆய்வுரையில், முப்பது ஆண்டுக்கால ஆராய்ச்சியைத் திரும்பிப் பார்த்து, சீரற்ற எண்களை வைத்து நிரலின் இயல்பான ஒழுங்கையே கலைத்துவிட்டு எதை அளந்தீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள். வெறுமனே கேட்டதோடு நிற்கவில்லை. மார்க் ஜான்ஸ்டோனும் வில்சனும் எட்டு உண்மையான நிரல்களின் கோரிக்கை வரிசைகளை அப்படியே பதிவு செய்து, பல பங்கீட்டு முறைகளுக்கு அவற்றை ஊட்டிப் பார்த்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். முகவரி வரிசையில் தேடும் முதற்பொருத்தமும், இறுக்கப்பொருத்தமும் ஏறக்குறைய சமமாகவே முன்னணியில் நின்றன. துண்டுபடலால் அவை வீணாக்கியது சுமார் 1 சதவீதமே. பங்காளி முறையும் கிங்ஸ்லி முறையும் மிகப் பின்தங்கின. கோட்பாட்டில் மிகக் கொடியதாகத் தெரிந்த இறுக்கப்பொருத்தம் நடைமுறையில் நல்ல பிள்ளையாக நின்றதை என்னென்பது! ராப்சன் கூறியது தவறல்ல. அவர் காட்டிய எதிராளியைப் போல எந்த நிரலும் வேண்டுமென்றே நடந்துகொள்வதில்லை, அவ்வளவே.

நடைமுறையில் இந்த வழியை முன்பே பிடித்துவிட்டவர் ஒருவர் உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஆஸ்வீகோ என்ற ஊரில் உள்ள கல்லூரிப் பேராசிரியர் டக் லீ. தாம் எழுதிய நிரல்களுக்கென்று தனித்தனிப் பங்கீட்டு நிரல்கள் செய்து அலுத்துப்போய், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை 1987-இல் எழுதினார். நூத்தின் எல்லைக்கல்லையும் இறுக்கப்பொருத்தத்தையும் அவர் இணைத்தார். காலித் துண்டுகளை அளவு வாரியாக 128 பெட்டிகளில் பிரித்து வைத்தார். 512 பைட்டுக்குக் குறைவானவற்றுக்கு ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பெட்டி. பெரியவற்றுக்கு ஒரு பெட்டியில் பல அளவுகள். மளிகைக் கடையில் சீரகம், கடுகுக்குத் தனித்தனி டப்பாவும், அரிசி பருப்புக்கு மூலையில் மூட்டையும் வைப்பதைப் போன்றது. இதை அவர் எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார். வுல்ஃப்ராம் குளோகர் அதைப் பல இழை நிரல்களுக்கு ஏற்ப மாற்றினார். அதுவே லினக்ஸ் கணிப்பொறிகளில் வழங்கும் குனு சி நூலகத்தின் மாலாக் ஆயிற்று. என் வெப்பக் கோல் நிரலைப் பிடித்து நிறுத்தியதும் அந்த வம்சத்து மாலாக்தான்.

2000-க்குப் பிறகு சிக்கல் இடம் மாறியது. ஒரே பொறியில் பல செயலிகள் வந்தபின், எல்லோரும் ஒரே சாளரத்தில் வரிசையில் நின்றால் வேகம் போய்விடும். எமெரி பெர்கர் குழுவினரின் ஹோர்டு (2000), ஃப்ரீபிஎஸ்டி அமைப்புக்காக ஜேசன் எவன்ஸ் எழுதிய ஜெமாலாக், கூகுளில் சஞ்சய் கெமாவத்தும் பால் மெனேஜும் எழுதிய டிசிமாலாக், மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தின் மிமாலாக் (2019) ஆகிய எல்லாம் ஏதோ ஒரு வகையில் ஒவ்வொரு செயலிக்கோ இழைக்கோ ஒரு சிறு கிளைக் கிடங்கு திறந்து வைப்பவையே. இவற்றின் நுணுக்கங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை.

இத்தனை மாற்றத்துக்கும் இடையே ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருந்தது. மாலாக் கேட்பது ஓர் எண்; ஃப்ரீ கேட்பது ஒரு முகவரி. 2024-இல் வெளியான சி மொழியின் புதிய தர வரையறையில், திருப்பித் தரும்போது அளவையும் கூடவே சொல்லும் ஒரு ஃப்ரீ சேர்க்கப்பட்டிருக்கிறது. சீட்டைக் காட்டும்போது எத்தனை மூட்டை என்றும் சொல்கிறோம். சரக்கை இறக்கும்போதே எப்போது எடுப்பீர்கள் என்று கேட்கும் வழக்கம் அதில் இன்னும் வரவில்லை.